மாறா ஏடும் மாறும் மதகும்



கணக்கை எழுதி வைப்பதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று கரும்பலகை வழக்கம். நேற்றைய எண்ணைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் இன்றைய எண்ணை எழுதுவது. மற்றொன்று பேரேட்டு வழக்கம். எழுதிய வரியை அழிக்காமல், அதன் கீழே அடுத்த வரியை எழுதுவது. பிழை நேர்ந்தாலும் பழைய வரியைச் சுரண்டிவிடாமல், திருத்தப் பதிவு ஒன்றைத் தேதியுடன் இடுவதே கணக்கப்பிள்ளைகளின் மரபு. பலகையைப் பார்ப்பவருக்கு இன்றைய நிலை உடனே தெரியும். நேற்றைய நிலை போய்விடும். ஏட்டைப் பார்ப்பவருக்கு எல்லா நாளும் தெரியும். ஆனால் கடைசி வரி எதுவென்று அவர் தேடிக் காணவேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எளிதில் விளங்கும்.

கணிப்பொறியின் நினைவகம் இயல்பில் ஒரு கரும்பலகை. அதில் எண்ணற்ற சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மதிப்பு. நிரலின் ஆணைப்படி பழைய மதிப்பு அழியும். புதிய மதிப்பு அங்கே அமரும். இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும் மதிப்புகளின் தொகுதியை 'மாறும் நிலை' என்பர். அதனை இயன்ற மட்டும் விலக்கி, ஒரு முறை வைத்த மதிப்பை மாற்றாமல், பழையதிலிருந்து புதியதைக் கணித்துக்கொண்டே செல்லும் முறைக்குச் 'சார்பு நிரலாக்கம்' என்று பெயர். பள்ளிக் கணிதத்தில் நாம் பயின்ற அதே சார்புதான் இதுவும். இன்ன உள்ளீடு தந்தால் இன்ன விடை; எத்தனை முறை கேட்டாலும் அதே விடை. இது உயர்ந்த விரதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடைமுறையில் இவ்விரதத்தை எது வரையில் காக்கலாம், எங்கே அது தானே தளர்ந்துவிடுகிறது என்பதே நம் கேள்வி.

இக்கொள்கை நேற்று முளைத்ததன்று. 1930-களில் அலன்சோ சர்ச் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கணித்தல் முழுவதையும் சார்புகளைக் கொண்டே விளக்கலாம் என்று காட்டினார். 1958-இல் ஜான் மெக்கார்த்தி 'லிஸ்ப்' என்னும் நிரல் மொழியை உருவாக்கத் தொடங்கினார். ஃபோர்ட்ரான் மொழியை ஆக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸ், 1977-இல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், கட்டம் கட்டமாக அழித்து எழுதும் பழக்கத்திலிருந்து நிரலாக்கத்தை விடுவிக்க இயலாதா என்று கேட்டார். அப்பழக்கத்தை உலகெங்கும் பரப்பிய மொழியின் தந்தையே அவ்வாறு கேட்டது பலரையும் சிந்திக்க வைத்தது. 1990-இல் ஹாஸ்கெல் என்னும் மொழி வெளிவந்தது; மாற்றத்தை விலக்கும் விரதத்தை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த மொழி அது.

இம்முறையின் நன்மையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையையே எடுத்துக்கொள்வோம். கர்னல் பென்னிகுயிக் எழுப்பிய அவ்வணை 1895-இல் பயனுக்கு வந்தது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அணையில் நாள்தோறும் மூன்று எண்கள் குறிக்கப்படுகின்றன: நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றம். ஆவியாகிப் போகும் சிறு அளவை நீக்கிவிட்டால், நாளைய இருப்பு என்பது இன்றைய இருப்புடன் வரத்தைக் கூட்டி வெளியேற்றத்தைக் கழித்ததே. இன்றைய இருப்பு 500 கோடி கன அடி. வரத்து வினாடிக்கு 2,000 கன அடி. வெளியேற்றம் 1,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆகவே ஒரு நாளில் சேரும் நீர் 8 கோடியே 64 லட்சம் கன அடி. நாளைய இருப்பு 508 கோடியே 64 லட்சம்.

இங்கே 500 கோடி என்னும் எண்ணை நாம் அழிக்கவில்லை. அது நேற்று உண்மையாக இருந்தது. இனியும் நேற்றைக்கு அதுவே உண்மை. இந்தக் கணக்கைச் சென்னையில் செய்தாலும், திருவனந்தபுரத்தில் செய்தாலும், ஒரே சமயத்தில் இருவரும் செய்தாலும், விடை ஒன்றே. அணையின் நீர்மட்டம் இரண்டு மாநிலங்களுக்கிடையே நெடுநாள் வழக்காக இருந்து, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வரலாற்றை அறிந்தவர்களுக்கு, அழியாத பதிவின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எவரும் இடையில் புகுந்து மாற்ற இயலாத மதிப்பை எவரும் அச்சமின்றி நம்பலாம். சார்பு நிரலாக்கத்தின் பெருமை இதுவே.

இனி, எல்லைகளைக் காண்போம். முதலாவது எல்லை செலவு. பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைவதாகக் கணக்கு. ஏக்கருக்கு ஒரு பதிவு வீதம் 14,707 பதிவுகள் கொண்ட ஒரு பட்டியல் கணிப்பொறியில் இருப்பதாகக் கொள்வோம். ஒரே ஒரு ஏக்கரில் நடவு முடிந்தது. அந்தப் பதிவு மட்டும் மாறவேண்டும். பழைய பட்டியலைத் தொடக்கூடாது என்பது விரதம். அப்படியானால் 14,707 பதிவுகளையும் புதிதாகப் படியெடுப்பதா? அது வீண் உழைப்பு. இதற்கு அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். பதிவுகளை முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் கட்டி, அக்கட்டுகளை மீண்டும் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகப் பெருங்கட்டுகளாக்கி, மரத்தின் கிளைகளைப் போல் அடுக்குவர். மூன்று அடுக்குகளில் 32,768 பதிவுகள் வரை அடங்கும். ஆகவே நம் பட்டியலுக்கு மூன்று அடுக்குகளே போதும். ஒரு பதிவை மாற்ற, அதற்குச் செல்லும் வழியிலுள்ள மூன்று கட்டுகளை மட்டும் படியெடுத்தால் போதும். ஏனையவற்றைப் பழைய பட்டியலும் புதிய பட்டியலும் பொதுவாக வைத்துக்கொள்ளும். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் எழுதுவதற்குப் பதிலாக, ஏறத்தாழ 96 இடங்களில் எழுதினால் வேலை முடிந்தது.

ஆயினும் கரும்பலகையில் எழுதுவோருக்கு அதே வேலை ஓரிடத்தில் எழுதுவதோடு முடிந்துவிடும். அவ்வப்போது நேரும் மாற்றத்திற்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. வெள்ளம் எவ்வாறு பரவும் என்பதை நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நொடிக்கு நொடி, கோடிக்கணக்கான முறை திருத்திக் கணக்கிடும்போது அது பெரும் பொருட்டாகும். 1996-இல் நிக்கலஸ் பிப்பெஞ்சர் என்பவர் இதனை ஆராய்ந்தார். உள்ளீடு வரவர விடையும் உடனுக்குடன் தரப்படவேண்டிய ஒருவகைக் கணக்கில், மாற்றத்தை அறவே விலக்கிய லிஸ்ப் நிரல், உள்ளீட்டின் அளவைப் பொறுத்து மடக்கை வீதத்தில் வளரும் ஒரு மிகுதிச் செலவை ஏற்றே தீரவேண்டும் என்று அவர் நிறுவினார். தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் முறையைக் கையாண்டால் அதே கணக்கில் அச்செலவைத் தவிர்க்கலாம் என்று மறுவருடமே வேறு மூவர் காட்டினர். ஆகவே விரதத்தின் விலை எல்லா இடத்திலும் ஒன்றன்று. கணக்குக்குக் கணக்கு வேறுபடும்.

இதற்கு 1994-இல் ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் உவப்பானது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பலகையில் அழித்தழித்துக் கணக்குப் போடலாம்; முடிந்த விடையை மட்டும் ஏட்டில் எழுதி வெளியே கொண்டு வரவேண்டும்; பலகை அறையை விட்டு வெளியே வரக்கூடாது. இதுவே அவர்கள் கூறியதன் சாரம். பலகை வெளியே வரவில்லை என்பதை ஹாஸ்கெல் மொழியே சோதித்து உறுதிப்படுத்திக்கொள்கிறது. பிறர் காணாத மாற்றத்தால் பிறருக்குத் தீங்கில்லை என்பது இதன் அடிப்படை.

இரண்டாவது எல்லை பழைமையின் பாரம். அழிக்காத ஏடு வளர்ந்துகொண்டே போகும். நிமிடத்திற்கு ஒரு முறை நீர்மட்டத்தைப் பதிவு செய்தால், ஓராண்டில் 5,25,600 வரிகள் சேரும். இன்றைய இருப்பை அறிய 1895-ஆம் ஆண்டிலிருந்து வரவையும் செலவையும் கூட்டிக்கொண்டு வருவார் உண்டோ? கணக்கப்பிள்ளை என்ன செய்கிறார்? ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்து, இருப்பைப் புதிய ஏட்டின் முதல் வரியில் கொண்டு வந்து எழுதுகிறார். நிரலிலும் அவ்வாறே இடையிடையே தொகுத்து வைக்கவேண்டும். அத்தொகுப்புப் பழையதாகும்போது அதன் இடத்தில் புதிய தொகுப்பை வைக்கவேண்டும். மாற்றம் அங்கே மெல்ல உள்ளே நுழைந்துவிடுகிறது. அன்றியும், எவரும் நாடாத பழைய மதிப்புகள் குடியிருந்த இடத்தைக் கணிப்பொறியே மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறது. மேலே மாறாத ஏடு. அடியில் ஓயாது துடைத்து எழுதப்படும் பலகை. இவ்வுண்மையை மறந்தவர்கள், நினைவகம் நிரம்பி வழியும்போது திகைக்கிறார்கள்.

மூன்றாவது எல்லையைக் காண, பெரியாற்று நீரோடு கீழே இறங்கி ஆண்டிபட்டியை அடுத்த வைகை அணைக்கு வருவோம். 1959-இல் திறக்கப்பட்ட இவ்வணையின் நீர்த்தேக்க மட்டம் 71 அடி. நீர் 66 அடியை எட்டினால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. மட்டத்தைச் சொன்னால் எச்சரிக்கையைச் சொல்லும் அழகிய சார்பு இது. ஆனால் நீர் அலைமோதி 65.9, 66, 65.9, 66.1 என்று ஏறி இறங்கினால் என்ன ஆகும்? மட்டத்தை மட்டுமே அறிந்த சார்பு, எட்டிய போதெல்லாம் முதல் எச்சரிக்கையை விடும். சங்கு ஊதிக்கொண்டே இருந்தால், நான்காம் முறை எவரும் காது கொடுக்கமாட்டார். உண்மையான வெள்ளம் வரும் நாளில் அந்த அலட்சியம் உயிரையே வாங்கிவிடும். ஆகவே 'முன்பே எச்சரித்தாயிற்றா?' என்பதை நிரல் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

சார்பு நெறியினர் இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். முந்தைய நிலையையும் ஓர் உள்ளீடாகத் தந்து, புதிய நிலையையும் ஒரு விடையாகப் பெற்றுக்கொண்டால் போதும் என்பர். சரியே. ஆனால் இதில் நாம் நிலையை ஒழித்துவிடவில்லை, கைமாற்றிக்கொண்டோம், அவ்வளவே. பெட்டிக்குள் மறைந்திருந்தது இப்போது எல்லோர் கண்ணிலும் படுமாறு கையில் இருக்கிறது. அது பெரிய நன்மை. எனினும் சுமை குறையவில்லை. பத்துச் சார்புகள் வரிசையாக நின்றால், பத்தும் அதைக் கைக்குக் கை கடத்தவேண்டும். நடுவில் ஒன்று பழைய நிலையைத் தவறுதலாகக் கடத்திவிட்டால், பிழை அங்கேயும் பிறக்கும்.

இதுவரை ஒருவரே எழுதும் ஏட்டைப் பார்த்தோம். பலர் ஒரே சமயத்தில் கை வைக்கும் இடத்தில்தான் நான்காவது எல்லை இருக்கிறது. அதற்குப் போடிநாயக்கனூருக்குப் போகவேண்டும். ஏலம் என்னும் சொல் நம் மொழியில் விளைபொருளையும் குறிக்கும், விற்பனை முறையையும் குறிக்கும். போடியில் இரண்டும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில், இடுக்கி மலைகளில் விளைந்த ஏலக்காயின் மாதிரியைக் கையில் வைத்துப் பார்த்து, வியாபாரிகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள்.

கேட்கப்பட்ட விலைகளின் வரிசை முழுவதும் கையில் இருந்தால், வென்றவர் யார் என்பதைச் சொல்லும் சார்பை ஒரு மாணவர் கூட எழுதிவிடுவார். அவ்வரிசை எப்படி உண்டாகிறது என்பதே கேள்வி. கிலோ 2,400 ரூபாய் என்று விலை நிற்கிறது. ஒரு வியாபாரி அதைப் பார்த்து 2,500 கேட்கிறார். அதே கணத்தில் அதே 2,400-ஐப் பார்த்த மற்றொருவர் 2,450 கேட்கிறார். பலகை வழக்கத்தில், இரண்டாமவரின் எண் சற்றுத் தாமதமாக வந்து முன்னதைத் துடைத்து அமர்ந்துவிட்டால், 100 கிலோ கொண்ட தொகுதிக்கு விவசாயி இழப்பது 5,000 ரூபாய். மாறா ஏடு இதைத் தடுக்குமா? தானாகத் தடுக்காது. 2,400 என்ற ஏட்டிலிருந்து இரண்டு புதிய ஏடுகள் பிறக்கும்; ஒன்றின் கடைசி வரி 2,500, மற்றதன் கடைசி வரி 2,450. இரண்டும் பழுதற்ற ஏடுகள். எவரும் எதையும் அழிக்கவில்லை. ஆனால் நடப்பு ஏடு எது?

நான் இப்பேச்சில் சொல்ல வந்தது இந்த ஒன்றையே. மதிப்புகள் மாறாமல் இருக்கலாம். எந்த மதிப்பு நடப்பு என்பது மாறியே தீரும். ஏடுகளை எவ்வளவு தூய்மையாக வைத்தாலும், 'இன்று இந்த ஏடு' என்று சுட்டும் விரல் ஒன்று வேண்டும். அந்த விரல் நகரவேண்டும்.

இவ்வுண்மையைச் சார்பு நெறியின் அறிஞர்களே முதலில் ஒப்புக்கொண்டனர். 2007-இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழியில் மதிப்புகள் மாறா; அவற்றைச் சுட்டும் விரல் மட்டும் மாறும். அதுவும் ஒரு நிபந்தனையுடன் மாறும்: 'நான் பார்த்தபோது இருந்த ஏடே இன்னும் நடப்பில் இருந்தால் என் ஏட்டை வை, இல்லையேல் நான் மறுபடியும் பார்த்துக் கணக்கிட்டு வருகிறேன்.' இரண்டாம் வியாபாரி திரும்பிப் பார்க்கும்போது 2,500 நிற்கும். தம் 2,450 செல்லாது என்று அறிந்துகொள்வார். எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் தொலைபேசி நிலையங்களுக்காகத் தொடங்கிய எர்லாங் மொழி வேறு வழி கண்டது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரே காவலர்; கடிதங்கள் அவருடைய பெட்டியில் வரிசையாக விழும்; அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பார். பழைய ஏலக் கூடத்தில் சுத்தியலுடன் நின்றவரின் வேலையும் இதுவேயன்றோ? பல குரல்களை ஒரு வரிசையாக்குவதே அவர் தொழில்.

ஐந்தாவது எல்லை, செயல். கணக்கைத் திரும்பச் செய்யலாம். செயலைத் திரும்பப் பெற இயலாது. தேக்கடித் தலைமதகைத் திறந்தபின் லோயர் கேம்ப்புக்கு வந்த நீரை மலை மேல் ஏற்றுவார் இல்லை. ஹாஸ்கெல் மொழி இதற்கு ஆணைச்சீட்டு முறையைக் கையாள்கிறது. சார்புகள் மதகைத் தொடுவதில்லை. 'மதகைத் திற' என்று சீட்டு மட்டும் எழுதுகின்றன. சீட்டை எத்தனை முறை எழுதினாலும், கிழித்தாலும், ஒரு சொட்டு நீரும் அசையாது. இறுதியில் ஓரிடத்தில் மட்டும் சீட்டு நிறைவேற்றப்படுகிறது. அங்கே விரதம் முடிகிறது.

அவ்விடத்தில் சீட்டின் வாசகமும் கருதத்தக்கது. 'இன்னும் 100 கன அடி கூட்டு' என்று எழுதிய சீட்டு, தொடர்பு அறுந்து மறுமுறையும் அனுப்பப்பட்டால், மதகில் நிற்கும் லஸ்கர் 200 கன அடி கூட்டிவிடுவார். 'வெளியேற்றத்தை 1,000 கன அடியில் வை' என்று எழுதினால், பத்து முறை வந்தாலும் தீங்கில்லை. மாற்றத்தை விலக்க முடியாத இடத்திலும், திரும்ப நிகழ்ந்தாலும் தீங்கு செய்யாத மாற்றமாக அதை அமைக்கலாம். நிரல் எழுதும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

இவ்வளவு எல்லைகள் இருக்கும்போது இந்த விரதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மழைநீரை யாரும் ஒழிப்பதில்லை. அது கண்ட இடமெல்லாம் பாயாமல், கரை கட்டி, ஒரு மதகில் கொண்டு வந்து நிறுத்துகிறோம். மதகு ஒன்றாக இருந்தால் காவலும் ஒன்று போதும். கரையெங்கும் உடைப்புகள் இருந்தால் எத்தனை காவலர் வைத்தாலும் பயிர் அழியும். நிரலிலும் அவ்வாறே. கணக்குகள் அனைத்தையும் மாறா ஏட்டில் வையுங்கள். விரைவு வேண்டிய இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பலகையைப் பயன்படுத்துங்கள். நடப்பைச் சுட்டும் விரலை ஒன்றாக வைத்து, அதை ஒரு காவலரிடம் ஒப்படையுங்கள். செயலை விளிம்பில் நிறுத்துங்கள். மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று கேட்டால், தயங்காமல் விரல் நீட்டிக் காட்டக்கூடிய நிரலே நல்ல நிரல்.